பள்ளம் தாண்டாத ஜீப்

16.10.1994, ஞாயிறு

இன்றும் ஜீப் ஓடைப் பள்ளத்தில் நின்றுவிட்டது. ஆயுத பூசை கழிந்து மூன்று நாளில் இது இரண்டாவது தடவை.

பின்னால் பதினெட்டுக் கட்டு கறிவேப்பிலை. காலையில் அறுத்தது. பாலக்காட்டு லாரி துடியலூரிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடும். அப்பா ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். நானும் சுற்றினேன். இஞ்சின் இருமக்கூட இல்லை. மெக்கானிக் சீனிவாசலு மொபெட்டில் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. மேல்கட்டு இலையெல்லாம் தொங்கிவிட்டது.

அவர் இஞ்சினில் பொறி விடுகிற பாயிண்டைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்தார். பிறகு இரண்டே சுற்று. கிளம்பிவிட்டது.

“பாயிண்டு கருகிக் கெடந்துச்சுங்க. இனிப் பத்து வருசத்துக்குத் தொட வேண்டாமுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமையும் வேறு எதையோ கழற்றி மாட்டிவிட்டுப் பத்து வருசம் என்றுதான் சொன்னார். அந்தப் பத்து வருசம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

கறிவேப்பிலை போட்டிருக்கும் எங்கள் காடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். வெயில் காலத்தில் பள்ளத்தில் முழங்கால் வரை மணல். மழைக்காலத்தில் மணலுக்கு மேல் தண்ணீர். மாட்டு வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும். ஊர் டிராக்டர் எல்லாம் செங்கல் சூளைக்கு மண் அடிக்கப் போய்விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற எங்கள் ஜீப் மட்டும்தான் அக்கரை போய் இலை ஏற்றி வரும். தாத்தா மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அப்பாவைவிட அதற்கு மூன்று வயசு கூட.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் இதுவரை மாடு சினையான தேதிகள்தான் எழுதியிருக்கிறேன். இனி இதையும் எழுதுவேன்.

19.10.1994, புதன்

ராசப்பன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வந்ததும் ஜீப்பின் முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார், கிழட்டு எருமையைத் தட்டுகிற மாதிரி.

“ஏனுங்க மச்சான், இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழுவறீங்களா? பொங்கியண்ணன் நேத்தும் கேட்டாருங்க. அஞ்சு வருசத்துக்கு மண்ணெடுக்க உட்டாப் போதுமாமா. காடு உங்க பேர்லயேதான் இருக்கும்.”

பொங்கியண்ணன் சூளைக்காரர், மாமாவுக்கு முதலாளி. பக்கத்துக் காடு அவரிடம் அப்படித்தான் போனது. காடு இன்னும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது. மண்தான் இல்லை. இருபதடிக் குழி. மழை பெய்தால் எருமை குளிக்கிறது.

அப்பா துண்டால் ஜீப்பின் தூசியைத் தட்டினார். பிறகு சொன்னார், “தீபாவளி கழியட்டும் மாப்ள. அதுக்குள்ள ஜீப்பு சரியாச்சுன்னா பேச்சே இல்லை. ஆவலீன்னா அடுத்த திங்கக்கெழமை அவரை வரச் சொல்லு. எலையைக் கரை சேக்க முடியாத காட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?”

நான் சமையல் அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவது படிக்கும்போது சயின்ஸ் டீச்சர் எழுந்து வாசி என்றார். எழுந்தேன். வாசிக்க வரவில்லை. வகுப்பே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து போகவில்லை. இரண்டு வருசம் ஆகிறது. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

மாமாவுக்குக் காப்பி கொண்டு போய் வைத்தபோது, “லோகப்பிரியா, உன்ற கண்ணாலத்துக்கும் ஆவுமல்ல சாமி” என்றார்.

என் கல்யாணத்துக்கு என் காட்டைத் தோண்ட வேண்டாம். இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். தோண்ட விடமாட்டேன். எப்படி என்று தெரியாது. ஆனால் விடமாட்டேன்.

21.10.1994, வெள்ளி

மூன்றாவது தடவை. அதே பள்ளம், திரும்பி வரும்போது.

சீனிவாசலு பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி உள்ளே இருந்த தோலை மாற்றினார். குச்சி விட்டுப் பார்த்தார், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கிளம்பியது. “தோலு கிழிஞ்சு போச்சுங்க” என்று பழைய தோலை அப்பாவிடம் காட்டினார். அவர் போன பிறகு அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கிழிசல் எதுவும் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. கிளம்பியது என்னவோ நிஜம். கடைசியாகத் தொட்டதுதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் கடைசியாக எதைத் தொட்டார்கள் என்று எழுதி வைத்தால் என்ன?

22.10.1994, சனி

நின்றது. அதுவும் போகும்போதே, பள்ளத்தில். இந்தத் தடவை மெக்கானிக் வரவே இல்லை. அப்பா பத்து நிமிசம் சுற்றிவிட்டு, தோள் வலித்து, “பெட்ரோலாச்சும் இருக்குதான்னு பாரு கண்ணு” என்றார். சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டேன். பாதி இருந்தது. மூடியை மூடினேன். அப்பா சுற்றினார். கிளம்பிவிட்டது.

எதையும் கழற்றவில்லை. எதையும் மாற்றவில்லை.

“அதுக்கா மனசு வந்தாத்தான் கெளம்பும்” என்றார் அப்பா. இல்லை. இரும்புக்கு ஏது மனசு? வேறு ஏதோ இருக்கிறது.

24.10.1994, திங்கள்

பெட்ரோல் குறைவாக இருப்பதால்தான் நிற்கிறதோ என்று அப்பா டேங்க் கழுத்து வரை ஊற்றிக்கொண்டு வந்தார். இன்று பள்ளம் வரை கூடப் போகவில்லை. வீட்டைத் தாண்டினதும் இருக்கும் வேப்பமரத்துப் பக்கமே நின்றுவிட்டது.

முதலில் இருந்து புரட்டிப் பார்த்தேன். டேங்கில் கொஞ்சமாக இருந்த நாளில் காடு வரை போய்த் திரும்பும்போது நின்றது. பாதி இருந்த நாளில் போகும்போதே பள்ளத்தில். நிறைய இருந்த நாளில் வேப்பமரம்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் சீக்கிரம் படுத்துக்கொள்ளும் ஆளைப் பார்த்திருக்கிறேன், ராசப்பன் மாமா. வண்டி அப்படிச் செய்யுமா?

25.10.1994, செவ்வாய்

நின்றது. எழுதவே ஆத்திரமாக வருகிறது.

27.10.1994, வியாழன்

காலையில் நானே பிளக் நாலையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து நின்றது தெரியவில்லை.

“அடக் கெரகமே! ஏனக்கா, உன்ற புள்ளை கையில ஸ்பேனரைக் குடுத்திருக்கறே? ஒம்பதாவது தாண்டலை, இஞ்சினைத் தாண்டப் போறாளாமா?”

அம்மா வெளியே வந்து, “உள்ள வா அம்மணி, ஆளுக பாப்பாங்க” என்றாள்.

பாக்கட்டுமே! பாத்தா என்ன? நான் திருடறேனா? பிளக்கைத்தானே தொடைக்கறேன்.

வாயில் வரவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. நாலாவது பிளக்கை மாட்டி முறுக்கிய பிறகுதான் போனேன். மாமா அதுவரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.  பார்க்கட்டும்.

மத்தியானம் சீனிவாசலு வந்தார். பிளக்குக்குக் கரண்டு கொடுக்கிற காயிலின் மேல் ஈரத்துணி சுற்றிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவிடம் சொன்னார்.

“நெசத்தைச் சொல்லீர்றனுங்க. எனக்குப் புடிபடலைங்க. இஞ்சினே போச்சாட்டத் தெரியுது. இதுக்கு மேல உங்களை இழுத்தடிக்க எனக்கு மனசு வரலைங்க.”

அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் வேறு கோபம் வந்தது. காட்டை மனசுக்குள் கொடுத்துவிட்ட முகம் அது.

29.10.1994, சனி

இதை மெதுவாக எழுத வேண்டும். கை ஓடுகிறது.

தீபாவளிக்கு முறுக்குச் சுட அம்மா புது எண்ணெய் டின்னை எடுத்து வந்தாள். ஆணி வைத்து மூலையில் ஓட்டை போட்டு நான் டின்னைச் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு க்ளக், க்ளக் என்றது. பிறகு நின்றுவிட்டது.

“எதுக்க மூலையில இன்னொரு ஓட்டை போடு கண்ணு. காத்து உள்ள போனாத்தானே எண்ணை வெளிய வரும்” என்றாள் அம்மா.

போட்டேன். கொடகொடவென்று வந்தது. நான் சாய்த்துக்கொண்டே நின்றேன். “ஏ புள்ளே, போசி நெறைஞ்சு வழியுது பாரு!” என்று கத்தினாள்.

ஜீப் டேங்குக்கு இன்னொரு ஓட்டை எங்கே?

கை கழுவாமல் ஓடினேன். சீட்டைத் தூக்கினேன். வட்ட மூடி. மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும், இருந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். இப்போது காணோம். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு ஜீப்பின் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் முன்னால் டேங்க் மூடிக்குத்தான் முதல் பொட்டு வைப்போம். அதுதான் வண்டிக்குச் சோறு போகிற வாய் என்று தாத்தா சொல்லி வைத்த பழக்கமாம். வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாக உதிர வேண்டும். சீட்டுக்கு அடியில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எங்கே உதிரும்? வருசா வருசம் சந்தனத்தின் மேல் சந்தனம், குங்குமத்தின் மேல் குங்குமம், நடுவில் பெட்ரோல், தூசி. காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. சீனிவாசலுவும் குச்சி விடும்போதெல்லாம் இந்த மூடியைத் திறந்தார். பொட்டுக்கு மேல் கை படாமல் ஓரத்தைப் பிடித்து, பக்தியாகத் திறந்தார்.

திறந்தால் காற்று உள்ளே போகும். வண்டி கிளம்பும். மூடினால் கொஞ்ச தூரம். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரமே பெட்ரோல் வருவது நின்றுவிடும். எல்லாம் பொருந்தி வருகிறது.

மேல் அடுக்குக் குங்குமத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான். இந்த வருசம் பொட்டு வைத்தது நான். நல்லா இருக்கட்டும் என்று அழுத்தி வைத்தேன்.

பொங்கியண்ணனுக்கு வழிவிட்டது நானா?

30.10.1994, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் ஒரு உறம்பரை வீட்டுக்குப் போயிருந்தார்கள். சோதித்தேன். டேங்க் இன்னும் கிட்டத்தட்ட கழுத்து வரை இருக்கிறது. மூடியை இறுக்கிவிட்டு இஞ்சினை ஓட விட்டேன். இருபது நிமிசத்தில் நின்றது. சுற்றினேன், வரவில்லை. காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், குழந்தை மூச்சு இழுக்கிற மாதிரி. இத்தனை நாள் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் இது கேட்கவில்லை. மூன்று சுற்றில் கிளம்பியது.

மறுபடியும் மூடினேன். நின்றது. திறந்தேன், கிளம்பியது. மூன்று தடவையும் அதேதான்.

எனக்குத் தெரிந்துவிட்டது! ஊரில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். “ஏனுங்கம்மா, ஜீப்பு மூடியில இருக்கற பொட்டைச் சொரண்டீர்லாமுங்களா?”

அம்மா முறுக்கு உரலைக் கீழே வைத்துவிட்டாள். “என்ன பேச்சுப் பேசறே? பூசை போட்டு வெச்ச பொட்டு. உங்கப்பன் ஓட்டற வண்டி. அழிக்கறதா? வாயைக் கழுவு போ.”

“காத்துப் போவ மாட்டீங்குதுங்கம்மா. அதனாலதான்...”

“லோகு. இன்னொருக்கா அந்தப் பேச்சு எடுத்தீன்னா நான் ஊட்டுலயே இருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அம்மா ஜீப் பக்கமே பார்த்தாள். கோபம் இல்லை, பயம். அப்பா உயிரே அந்த மூடியில் ஒட்டியிருக்கிற மாதிரி பயப்படுகிறாள்.

31.10.1994, திங்கள்

அப்பாவிடம் சொல்லலாம். அப்பா அம்மாவைக் கேட்பார். அம்மா அழுவாள். அவ்வளவுதான்.

மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டலாம். பள்ளத்துக் குலுக்கலில் பெட்ரோல் சிந்தும், அதுவும் சீட்டுக்கு அடியில். அப்பா வாயில் பீடி இருக்கும். வேண்டாம்.

புது மூடி வாங்கலாம். ஐம்பது வருச மிலிட்டரி மூடிக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அடுத்த ஆயுத பூசைக்கு அதற்கும் பொட்டு வைப்போம்.

2.11.1994, புதன்

தீபாவளி. மாமா வீட்டார் வந்திருந்தார்கள். “திங்கக்கெழமை பத்து மணிக்கு அவரைக் கூட்டியாறனுங்க மச்சான்” என்றார் மாமா. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். முறுக்கு நன்றாக வந்தது. நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

5.11.1994, சனி

இரண்டு நாளாக மழை. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். அக்கரையில் இலை முற்றிக்கொண்டிருக்கிறது. பதினைந்து நாளாக யாரும் ஒழுங்காக அறுக்கவில்லை.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்குப் பொட்டு அழிந்தால் பயம். எனக்குக் காடு அழிந்தால் பயம். பொட்டை மறுபடியும் வைக்கலாம். இருபதடி மண்ணை யார் திருப்பி வைப்பது?

6.11.1994, ஞாயிறு

சுரண்டிவிட்டேன்.

கோணி ஊசியும் பழைய பிளேடும் வைத்துச் செய்தேன். முதலில் என் ரேகை போனது. அதற்கு அடியில் ஒரு மஞ்சள் அடுக்கு, ஒரு சிவப்பு அடுக்கு, மறுபடி மஞ்சள். எண்ணிக்கொண்டே வந்தவள் பதினொன்றில் விட்டுவிட்டேன். கடைசியில் ஊசி பொசுக்கென்று உள்ளே இறங்கியது. மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கடுகளவு வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் என் காடே தெரிகிற மாதிரி இருந்தது.

சுரண்டிய தூளைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. பேப்பரில் மடித்துக் கால் படாத இடமாக வேப்பமரத்து அடியில் வைத்தேன். திரும்பினால் அம்மா நிற்கிறாள். கையில் பால் சொம்பு.

“அழிச்சுப்போட்டயா?”

“அழிச்சுப்போட்டேனுங்கம்மா.”

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னாலே ஏதாவது ஆகிவிடும் என்று நினைக்கிறாளோ என்னவோ.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். தப்பு செய்திருந்தால் கேட்கலாம். பொட்டு வைத்தபோது ஒரு தப்பு செய்தேன். அதைச் சரி செய்தது தப்பாகுமா?

7.11.1994, திங்கள்

காலையிலேயே கேனில் இருந்த பெட்ரோலை டேங்கில் கழுத்து வரை ஊற்றினேன். வேண்டுமென்றே. நிற்பதாக இருந்தால் வேப்பமரத்திலேயே நிற்கட்டும்.

பத்து மணிக்கு பொங்கியண்ணன் வெள்ளை அம்பாசடரில் வந்தார். கூட ராசப்பன் மாமா, கக்கத்தில் மஞ்சள் பை, அதற்குள் பத்திரம். பொங்கியண்ணன் கெட்டவர் மாதிரி இல்லை. கட்டுத்தரையில் மாட்டைப் பார்த்து, “நல்ல கறவை” என்றார். கையெழுத்துக்கு முன்னால் நாலு எல்லையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

“பள்ளத்துல தண்ணி போவுதுங்க. உங்க காரு இறங்காது. நடந்துதான் போவோணும்” என்றார் மாமா.

“என்ற முட்டிக்கு அது ஆவாதப்பா. அந்த ஜீப்பு?”

“அதுங்களா? அது நடுப்பள்ளத்துல நின்னா உங்களை நாந்தானுங்க சொமந்துட்டு வரோணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பு சிரித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எழுந்து நின்றேன், வாசிக்கவில்லை. இன்றைக்கு கட்டுத்தரையிலிருந்து நேராகப் போய் ஹேண்டிலை எடுத்தேன். இரண்டு சுற்று. கிளம்பியது. ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். கட்டுத்தரைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். பள்ளத்தில் ஓட்டியதில்லை.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். இறங்கு என்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பிறகு சுற்றிப் போய் அந்தப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“தண்ணிக்கு முந்தியே முன் கியரைப் போட்டுக்க கண்ணு” என்றார்.

பொங்கியண்ணனும் மாமாவும் பின்னால் ஏறினார்கள். வேப்பமரம் தாண்டியது. பள்ளத்துக் கரையில் சின்ன லீவரைத் தள்ளினேன். முன் சக்கரமும் பிடித்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்தது. நடுப்பள்ளம் வந்தது.

“இங்கதானுங்க. இப்ப நிக்கும் பாருங்க” என்றார் மாமா, வேட்டியை மடித்துக்கொண்டே.

நான் நிறுத்தினேன். இஞ்சினை அல்ல, வண்டியை. கியரை எடுத்துவிட்டு, இத்தனை நாள் செத்துக் கிடந்த அதே இடத்தில், தண்ணீருக்கு நடுவில் சும்மா உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மனசுக்குள் நூறு எண்ணினேன்.

“என்னாச்சு?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்லீங்க மாமா. சும்மா.”

வெளி ஆள் இருக்கும்போது நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. வந்துவிட்டது.

கியரைப் போட்டேன். ஒரு உறுமல். அக்கரை ஏறிவிட்டது.

பொங்கியண்ணன் நாலு எல்லையும் பார்த்தார். ஒரு கொத்து இலையை ஒடித்து மோந்தார். அப்பா வரப்பில் நின்று செடியைத் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பும்போது அக்கரையில் அறுத்து வைத்திருந்த ஆறு கட்டு இலையையும் ஏற்றிக்கொண்டேன். இந்தக் கரைக்கு வந்தோம். வீட்டுக்கு வந்தோம். அப்போதும் நான் இஞ்சினை அணைக்கவில்லை.

“ஏம்ப்பா ராசப்பா, இஞ்சினு செத்துப்போச்சுன்னியே?” என்றார் பொங்கியண்ணன். மாமா மஞ்சள் பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். “என்னதான் கோளாறு அம்மணி?”

பொங்கியண்ணன் என்னைத்தான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“பொட்டுங்க” என்றேன். “பெட்ரோல் மூடி ஓட்டையைப் பொட்டு அடைச்சிருச்சுங்க. நாந்தானுங்க வெச்சேன். நானே எடுத்துட்டேன்.”

அவர் முதலில் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “என்ற லாரி ஒம்பதுக்கும் போன மாசம் மூடிக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்குது. ராசப்பா, நாளைக்கு மொத வேலையா மூடியெல்லாம் பாரு!”

அப்பா சிரிக்கவில்லை. இறங்கி வந்து அவர் முன்னால் நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க. வண்டி ஓடுது. காடு இருக்கட்டுமுங்க.”

“இருக்கட்டும் சென்னியப்பா. நான் எங்க போயிரப் போறேன்?”

அடுத்த வருசமும் வருவார். வரட்டும்.

8.11.1994, செவ்வாய்

பன்னிரண்டு கட்டு. லாரி கிடைத்தது. டேங்க் முக்கால். நிற்கவில்லை.

அம்மா காட்டுக்கு நடந்து வந்தாள். ஜீப்பில் ஏறச் சொன்னோம், ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில் சேலை நனைய நடந்தாள்.

12.11.1994, சனி

சீனிவாசலு வந்தார். மூடியைத் தூக்கி ஓட்டையை ஒரு கண்ணால் பார்த்தார். “அத்தனை தடவை தொறந்தனே அம்மணி! பொட்டுன்னு கையெடுத்துக் கும்புட்டுத் தொறந்தேன்” என்றார். கழற்றிய பழைய பம்ப் தோலை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல தோல்தான்.

19.11.1994, சனி

அம்மா பேசுகிறாள். உப்பு, புளி, மாடு பற்றி மட்டும். ஜீப்பில் ஏறுவதில்லை. அப்பா ஜீப்பில் போனால் திரும்பி வரும் வரை வாசலிலேயே நிற்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு நான் எப்படி நிரூபிப்பது? அதற்கு எந்த டின்னில் ஓட்டை போட முடியும்? ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அதனால் பிரேக்கையும் நானே பார்க்கிறேன்.

11.12.1994, ஞாயிறு

விடிந்ததும் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் குங்குமச் சிமிழ்.

“சீட்டைத் தூக்கு” என்றாள்.

 தூக்கினேன். அம்மா வெறும் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடுகளவு ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எங்க வெக்கட்டும்?”

மூடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, டேங்கின் மேல் காட்டினேன். அங்கே வைத்தாள். அதன்மேல் குங்குமம். அழுத்தவில்லை.

பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அப்பா பின்னால் இலைக்கட்டு போடுகிற இடத்தில் ஏறிக்கொண்டார்.

“தண்ணியில நிறுத்தி வேடிக்கை காட்டாத. நேராப் போ” என்றாள் அம்மா.

நேராகப் போனேன். இருபத்திரண்டு கட்டு. ரோட்டில் அப்பா ஓட்டினார். லாரி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேரும் டீ குடித்தோம்.